சீமாட்டியின் நெற்றி

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கதவைத் தட்டியபோது எட்டிப் பார்த்தது குதிரை. வீட்டின் முன்னறை அதனுடையது. தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல், காற்று வரும் ஒரே கதவு, ஒழுகாத ஒரே கூரை எல்லாம் அந்த அறைக்குத்தான் வாய்த்திருந்தன. வீட்டுக்காரர்கள் பின்னறையில், அடுப்புக்கும் சேணம் தொங்கும் ஆணிக்கும் நடுவில் படுத்துக்கொண்டார்கள். யார் வந்தாலும் குதிரையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். குதிரைக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. ஆனால் வருகிறவர்களை அது மேலும் கீழுமாகப் பார்த்த பார்வையைக் கண்டு தெருவில் யாரோ ‘சீமாட்டி’ என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஏஜென்ட் சுவரோடு சுவராக நகர்ந்தார். கழுத்தில் டை, கையில் தோல் பை. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

“மேடம், உங்க குதிரை என்னைப் பார்த்துச் சிரிக்குது.”

“சிரிக்கல சார். பைய மோந்து பார்க்குது. உள்ள பிஸ்கட் இருந்தா இப்பவே தின்னுடுங்க. அது அப்புறம் பையோட சேர்த்துத் தின்னும்.”

சொன்னவள் வண்டிக்காரி. காய்கறிச் சந்தையின் சந்துகளுக்குள் லாரி நுழையாது. பெரிய சாலையில் லாரி இறக்கிவிட்டுப் போகும் மூட்டைகளை மண்டிக்கும், மண்டியிலிருந்து மேட்டுத்தெருக் கடைகளுக்கும் கொண்டு சேர்ப்பவை குதிரை வண்டிகள்தாம். அவள் கணவன் லாடக்காரன். நாள் முழுக்க ஊரார் குதிரைகளின் குளம்புகளை மடியில் வைத்துக் குனிந்திருந்துவிட்டு, நிமிர்வதற்கு இரண்டு பேர் உதவி வேண்டும் என்ற நிலையில் வீடு திரும்புவான்.

அவர்களுடைய முந்தைய குதிரை குடல் முறுக்கிக்கொண்டு ஒரே பகலில் செத்துப்போனது. வண்டிக்காரர் சங்கம் மறுநாளே கூடி, ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கம்பீரமான தீர்மானம். வண்டி இழுக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் இவர்கள்தாம் இழுத்தார்கள். அவன் முன்னால் ஏர்க்காலைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து தோளைக் கொடுக்க, அதே மேட்டுத்தெருவில் மூட்டை ஏறியது. குதிரைக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்தத் திருப்பத்தில் கால் மடங்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு உடம்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. அப்படி இழுத்துச் சேர்த்த காசில் வந்தது சீமாட்டி. இதற்கும் ஏதாவது ஆனால் இன்னொன்று வாங்க அவர்களிடம் இனி தோளும் இல்லை, முதுகும் இல்லை. அதனால்தான் அவளே ஆள் விட்டு ஏஜென்டை வரவழைத்தாள்.

ஏஜென்ட் முக்காலியில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். அவருடைய கம்பெனி பசுமாடுகளுக்குப் பெயர்போனது. குதிரைக்கென்று தனிக் காகிதம் அச்சடிக்கும் யோசனை தலைமை அலுவலகத்தின் பரிசீலனையில் இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?”

“என்னது?”

“பால், மேடம்.”

மூலையில் உட்கார்ந்து ஆணி தேர்ந்துகொண்டிருந்த லாடக்காரன் தலையைத் தூக்காமலே சொன்னான்: “தினம் ரெண்டு வாளி வரும் சார். ஆனா அதைப் பால்னு சொல்றது கஷ்டம்.”

“கோடு போட்டுடறேன்” என்றார் ஏஜென்ட், முகம் மாறாமல். “அடுத்தது. கன்றா, உழைக்கும் மிருகமா?”

“இப்பதான் பழக்கிட்டிருக்கேன். டயரைக் கட்டி இழுக்க விடறேன். இன்னும் வண்டியில பூட்டல” என்றாள் வண்டிக்காரி.

“அப்போ கன்றுன்னு போடலாம். கன்றுன்னா வேலை செய்யும்போது அடிபட்டா தர மாட்டோம். உழைக்கும் மிருகம்னா வேலை செய்யும்போது அடிபட்டாதான் தருவோம்.”

“பழகும்போது விழுந்தா?”

ஏஜென்ட் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார். “பழகறதுக்கு இதுல கட்டம் இல்லையே மேடம்.”

“விழுறதே பழகும்போதுதானே சார்? பழகினப்புறம் அது ஏன் விழப்போகுது?”

“நல்ல கேள்வி மேடம்” என்றார் ஏஜென்ட். பதில் தெரியாத இடத்தில் பாராட்டிவிட வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“டயர் இழுக்கறதும் வேலைதான். உழைக்கும் மிருகம்னே எழுதுங்க. என்னைக் கேட்டா, இந்த வீட்டுல இருக்கற மூணுமே அந்தக் கட்டத்துல வரும்.”

எழுதினார். பிறகு அடையாளங்களுக்கு வந்தார். கால்நடை டாக்டரம்மா வந்து பார்ப்பார். நிறம், உயரம், வெள்ளை, மச்சம், உடம்பில் எங்கெங்கே மயிர்ச் சுழி என்பதையெல்லாம் படம் வரைந்து குறிப்பார். குதிரை செத்தால் அந்தப் படத்தையும் செத்த குதிரையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கம்பெனி பணம் தரும். படத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஒருவர் வேலை கொடுப்பவர், மற்றவர் சங்கத் தலைவர்.

சுழி என்ற சொல்லைக் கேட்டதும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும் பாடுபட்டார்கள். ஏஜென்ட் எழுந்து, குதிரையின் நெற்றியில் கட்டியிருந்த சிவப்புத் தோல் பட்டையைத் தொடப்போனார். பித்தளைக் குமிழ் பதித்த ஆடம்பரமான பட்டை.

“வேணாம் சார். அதுக்கு நெத்தியில கூச்சம்” என்று வண்டிக்காரி குறுக்கே வந்தாள்.

கூச்சம் குதிரைக்கு இல்லை. அவள் அண்ணனுக்கு.

அண்ணன் வேறு யாருமல்ல, வண்டிக்காரர் சங்கத்தின் தலைவர். அவரிடம் வண்டி இல்லை, குதிரை இல்லை. இரண்டும் இருந்தால் தலைமை தாங்க நேரம் கிடைக்காது என்பது அவர் கருத்து. ஆனால் சங்கத்தின் ரப்பர் முத்திரை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சுழி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சந்தையே சொல்லும். யார் குதிரை வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். குதிரையைச் சுற்றிவந்து, தோள், விலா, தொடை என்று விரலை வைத்து, “இது குடும்பத்தைத் தூக்கும்”, “இது எஜமானனை நடுத்தெருவுல விடும்” என்று தீர்ப்புச் சொல்வார். அதிலும் நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழி இருந்தால் போச்சு. அந்தக் குதிரை ஏற்றிய சரக்கு கரை சேராது. இதைச் சந்தை முழுக்க நம்பவைத்தவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ குதிரைகள் வந்த வழியே திரும்பிப் போயிருக்கின்றன.

சீமாட்டியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அன்றைக்கு நல்ல மழை. குட்டியின் முன்மயிர் நனைந்து நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. தலைவர் முறைப்படி எல்லா இடமும் பார்த்தார். நெற்றிக்கு வந்தபோது, சுற்றி நின்ற கூட்டம் அவருக்குக் குடை பிடித்தது. குடையைக் கண்டதும் அவர் உற்சாகமாகி, நெற்றிச் சுழியின் மகிமைகளைப் பற்றிக் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நீளமான பேச்சு. பேசி முடித்தபோது நெற்றியைப் பார்த்தாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரும்தான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் லாடக்காரன் குட்டியைக் கழுவி, துணியால் முகத்தைத் துடைத்து, முன்மயிரை ஒதுக்கினான். இரண்டு சுழி, ஒன்றன்மேல் ஒன்று, அச்சில் வார்த்தது போல. தங்கை சொல்லி அனுப்ப, அன்று மாலையே தலைவர் சிவப்புப் பட்டையோடு வந்து சேர்ந்தார். தங்கைக்கு அண்ணன் தந்த அன்பளிப்பு என்று தெருவே மெச்சியது.

இப்போது ஏஜென்ட் வந்துபோன செய்தி எட்டி, தலைவர் மீண்டும் வந்தார். குதிரையைத் தாண்டி உள்ளே வந்து, முக்காலியைத் தூசி தட்டிவிட்டு உட்கார்ந்தார். தங்கை டீயும் ரொட்டியும் வைத்தாள்.

“இன்சூரன்ஸ்னா என்னம்மா? ஒரு உயிர் சாகும்னு பந்தயம் கட்டறது. அதோட முகத்துல முழிச்சுக்கிட்டே அது சாவுக்குக் காசு வாங்கக் கையெழுத்துப் போடறது. உழைக்கிற வர்க்கம் இதைச் செய்யலாமா?”

“அண்ணே, போன குதிரை காசு வாங்காமத்தான் செத்துச்சு. அதுக்காக அது பெருமைப்பட்ட மாதிரி தெரியல.”

“சங்கம் இருக்கும்மா உனக்கு.”

“சங்கம் தீர்மானம் போட்டுச்சு. பத்திரமா வச்சிருக்கேன். சீமாட்டிக்குத் தீனி கம்மியானா கொடுக்கலாம்னு.”

லாடக்காரன் டீ புரையேறி இருமினான். தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். “மாப்ளே, நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் கால்தான் மச்சான் பார்ப்பேன். நெத்தி உங்க டிபார்ட்மென்ட்.”

தலைவர் ரொட்டியை டீயில் தோய்த்தார். தோய்த்த பகுதி அறுந்து டீக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை விரலால் எடுப்பது தலைமைக்கு அழகல்ல என்பதால் டீயை அப்படியே வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“விஷயத்துக்கு வருவோம். நெத்தி வெளிய தெரிஞ்சா எனக்கொண்ணும் இல்ல. உனக்குத்தான் கஷ்டம். வெங்காய மண்டி முதலாளி ஒரு மூட்டை ஏத்துவாரா? மண்டிய நம்பித்தானே நீ குதிரையே வாங்கின?”

“அது உண்மைதான்.”

“அதான் சொல்றேன். உனக்காகத்தான் சொல்றேன்.”

“எனக்காக இல்ல, உனக்காகன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஏன்ணே, மானத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு அந்த ஏஜென்டைக் கேட்டு வைக்கட்டா?”

தலைவர் எழுந்தார். கோபத்தில் வேகமாக வெளியே போக விரும்பினார். நடுவில் குதிரை குறுக்காக நின்றது. அது நகர்கிற வரைக்கும் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் அந்த வாரம் முழுக்க ஏஜென்டைக் கூப்பிடவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் குட்டியைக் கிடங்குகளுக்குப் பின்னாலிருக்கும் சரிவுப் பாதைக்குக் கொண்டுபோவாள். சேணத்தில் பழைய லாரி டயரைக் கட்டி, நீளக் கயிறுகள் இரண்டைக் கையில் பிடித்துப் பின்னாலேயே நடப்பாள். “போ” என்றால் போகவேண்டும். “நில்” என்றால் நிற்கவேண்டும். போவது எந்தக் குதிரைக்கும் சீக்கிரம் வந்துவிடும். நிற்பதுதான் பாடம். இழுத்த பாரம் பின்னாலிருந்து தள்ளும்போதும், பக்கத்தில் லாரி உறுமும்போதும், யாராவது கூடையைக் கீழே போடும்போதும் அசையாமல் நிற்கவேண்டும். சீமாட்டிக்கு நிற்பதில் மரியாதைக் குறைவு என்று எண்ணம். நிறுத்தினால் பெருமூச்சு விட்டு, ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்பதுபோல் நிற்கும்.

ஒரு நாள் இரவெல்லாம் தூறியிருந்தது. கல் பாவிய சரிவு வழவழவென்று கிடந்தது. இறங்கும்போது டயர் வழுக்கி முன்னால் வந்து குட்டியின் பின்னங்காலில் மோதியது. குட்டி துள்ளியது. முன்னங்கால்கள் இரண்டும் ஒரே சமயத்தில் வழுக்க, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கால்கள் கயிற்றில் சிக்கிக்கொண்டன. அப்படிக் கிடக்கிற குதிரை எழ முயன்றால் காலை ஒடித்துக்கொள்ளும். அவள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி, அதன் கழுத்தின்மேல் குப்புற விழுந்து, தலையைத் தரையோடு சேர்த்து அமுக்கினாள். தலை எழாவிட்டால் உடம்பு எழாது.

“என்னங்க! வாரை அவிழுங்க! வாரை!”

பாதையின் முனையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாடக்காரன் ஓடிவந்தான். ஈரத்தில் வார் இறுகிக்கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தான். அத்தனை நேரமும் அவள் முகம் குதிரையின் கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதன் கண் அவளுக்கு ஒரு விரல் தூரத்தில் உருண்டது. அவள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லடி, பெரிய மனுஷி மாதிரி கிட, ஒண்ணுமில்ல.” வார் அவிழ்ந்தது. அவள் உருண்டு விலகினாள். குட்டி எழுந்து உடம்பை உதறியது. லாடக்காரன் நான்கு கால்களையும் தடவிப் பார்த்தான். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

வண்டிக்காரி ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றிப்பட்டை விலகிக் கிடந்தது. மூன்று மாதமாகக் காற்றுப்படாத இடத்தில் மயிர் கொட்டி, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

“இதைப் பார்த்தீங்களா? நாம மறைச்ச இடத்துலதான் சீழ் பிடிக்குது.”

“மருந்து போடலாம்.”

“போடலாம். அதோட இன்சூரன்ஸும் போடலாம்.”

லாடக்காரன் வாரைச் சுருட்டியபடி கேட்டான்: “மண்டிக்காரர் மூட்டை தரலைன்னா?”

“தரலைன்னா கையை ஏந்தி நிக்கப்போறதில்ல. இன்னிக்கு இது எந்திரிக்கலைன்னா என்ன பண்ணியிருப்போம், சொல்லுங்க. திரும்ப நீங்க முன்னால, நான் பின்னாலயா?”

அவன் தன் முதுகைத் தடவினான். அதுவே பதில்.

அவள் ஆள் விட, மறுநாள் வந்த ஏஜென்ட், தலைவரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் வழியிலேயே பேசி முடிவெடுத்திருந்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு விஷயத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனால் யாருக்கோ நஷ்டம் என்று புரிந்துகொள்ளலாம்.

“மேடம், தலைவர் எல்லாம் சொன்னார்” என்று ஏஜென்ட் குழைந்தார். மாதக் கடைசி, அவருக்கு இலக்கில் ஒன்று குறைந்திருந்தது. “ஒரு சிக்கலும் இல்ல. நெத்திக் கட்டத்துல ‘சாதாரணம்’னு போட்டுடலாம். டாக்டரம்மா பட்டைய அவுக்கச் சொன்னா, குதிரை கடிக்கும்னு சொல்லிடலாம்.”

“அது கடிக்காது.”

“கடிக்கும்னு சொல்லத்தான் போறோம் மேடம், கடிக்கவா சொல்றோம்.”

“சரி. நாளைக்கு இது செத்துப்போச்சு. உங்க ஆள் வந்து பார்ப்பாரா?”

“கண்டிப்பா. படத்தை வச்சு ஒப்பிட்டுப் பார்ப்பார்.”

“செத்த குதிரையும் கடிக்குமா?”

ஏஜென்ட் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

“நெத்தியில ரெண்டு சுழி இருக்கு, படத்துல இல்ல, இது வேற குதிரைன்னு உங்க கம்பெனி சொல்லும். நான் வருஷா வருஷம் கட்டினதெல்லாம் யாருக்குப் போகும்?”

“அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் மேடம்.”

“அப்போ யார் பார்ப்பா? நீங்க வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிருப்பீங்க. அண்ணன் இரங்கல் தீர்மானம் எழுதிட்டிருப்பாரு. வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மண்டி முதலாளிக்கும் சொல்லி அனுப்பறேன்.”

தங்கை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று தலைவர் எடுத்துக்கொண்டார். தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது அவருக்கு நீண்ட நாள் பழக்கம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வெயில் நன்றாக அடித்தது. குதிரையைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாக்டரம்மா காலில் ரப்பர் பூட்ஸும் காதில் பேனாவுமாக வந்தார். அன்றைக்கு இன்னும் நாலு மாடும் ஒரு கழுதையும் பாக்கி இருந்ததால் அவருக்குப் பேச்சில் விருப்பமில்லை. வெங்காய மண்டி முதலாளி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி நின்றார். அவரிடமிருந்து வெங்காய வாசம் வராத நாள் கிடையாது. தலைவர் சங்கத்தின் துணிப் பட்டையைத் தோளில் அணிந்து வந்திருந்தார். வேடிக்கை பார்க்கத் தெருவும் பாதிச் சந்தையும் கூடியிருந்தன.

டாக்டரம்மா குதிரையைச் சுற்றிவந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். “பழுப்பு. இடது பின்னங்கால்ல கணுவரைக்கும் வெள்ளை. கழுத்து வலதுபக்கம் ஒரு சுழி. விலாவில ஒண்ணு. நெத்தி… பட்டைய அவுத்துடுங்க.”

“டாக்டரம்மா!” தலைவர் ஓரடி முன்னால் வந்தார். “அது கடிக்கும். நெத்தி சாதாரணம். நானே பார்த்திருக்கேன். இந்தச் சந்தையில ஒரு குதிரையோட நெத்திக்கு நான் உத்தரவாதம் கொடுத்தா…”

“அவுத்துடுங்க” என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே.

வண்டிக்காரி குதிரையின் தலையருகே வந்தாள். பட்டையின் கொக்கியைக் கழற்றி அண்ணனின் கையில் கொடுத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, முன்மயிரை ஒரே பிடியாகப் பிடித்து வேரோடு ஒட்டி நறுக்கினாள். வெயில் நேராக நெற்றியில் விழுந்தது.

“டாக்டரம்மா, நல்லாப் பார்த்து எழுதுங்க. ரெண்டு சுழி. ஒண்ணுமேல ஒண்ணு.”

முதலாளி இரண்டடி பின்வாங்கியதில் பின்னால் நின்றவரின் காலை மிதித்தார். எல்லோருடைய தலையும் மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பியது. தெரியாது என்றால் அவர் சுழி பார்ப்பவர் இல்லை. தெரியும் என்றால் தங்கையின் தலையிலேயே கட்டிவிட்டார். தலைவர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

“நான் பார்த்தப்போ இது இல்ல. அப்புறம் வந்திருக்கு.”

“சுழி முளைக்குமா தலைவரே?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“முகத்துக்கு முகம் மாறுபடும்” என்றார் தலைவர். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லத் தயாராக இல்லை.

டாக்டரம்மா நெற்றியைத் தொட்டு, அளந்து, படத்தில் இரண்டு சிறு வட்டம் போட்டார். “அருமையான அடையாளம். இதை வச்சு எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிச்சிடலாம். அந்தப் புண்ணுக்கு மட்டும் களிம்பு போடுங்க. இனிமே எதையும் கட்டாதீங்க.”

ஏஜென்ட் மெதுவாக அவள் காதருகே வந்தார். “மேடம், இந்தச் சுழிக்குக் கம்பெனி ஒண்ணும் சொல்லாது. கம்பெனி எதையும் நம்பாது. அதனாலதான் அது கம்பெனியா இருக்கு. ஆனா ரெண்டு சாட்சி…”

முதலாளி கையை உயர்த்தினார். “நான் கிளம்பறேன்மா. தப்பா நினைக்காதே. இந்தக் குதிரை என் மூட்டையைத் தொடக்கூடாது. நீ நல்லவதான். ஆனா நெத்தி இப்படி இருக்கே.”

“எப்படி இருக்கு முதலாளி?”

“அதான், ரெண்டு சுழி.”

“நல்லாத் தெரியுதா?”

“கண்ணு என்ன குருடா? இங்கிருந்தே தெரியுது.”

“அப்போ அதைத்தான் இதுல எழுதியிருக்கு.” அவள் காகிதத்தை நீட்டினாள். “சுழி இருக்குன்னா கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா மூட்டை ஏத்துங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சுட்டுப் போங்க.”

கூட்டம் சிரித்தது. முதலாளி காகிதத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். அவருக்கு வெளியேற வழி ஒன்றே இருந்தது, அது கையெழுத்தின் வழியாகப் போனது. குதிரையின் மீதிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, பெரிதாக, தெளிவாக, இரண்டு கோடு அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வண்டிக்காரி அண்ணன் பக்கம் திரும்பினாள். “இப்போ நீ. முளைச்சதுன்னாலும் பரவாயில்ல. இப்ப இருக்குல்ல?”

தலைவர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். கையில் நெற்றிப்பட்டை இருந்ததால் முத்திரை கோணலாக விழுந்தது. “அந்தச் சுழிய என் தலைமேல வச்சிட்டியேம்மா” என்றார் மெதுவாக.

“உன் தலையில ஒண்ணும் இல்லண்ணே. நான் பார்த்துட்டேன்.”

அடுத்த வாரக் கடைசியில் பாலிசி வந்தது. அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். குதிரை செத்தால் இனி நடுத்தெரு இல்லை. ஆனால் குதிரை உயிரோடு இருந்தது, தீனி கேட்டது. உயிரோடு இருக்கிற குதிரைக்கு எந்தக் கம்பெனியும் ஒன்றும் தருவதில்லை. நான்கைந்து கடைக்காரர்களிடம் லாடக்காரன் கேட்டுப் பார்த்தான். எல்லோரும் அவனிடம் அன்பாகப் பேசினார்கள். அவ்வளவு அன்பைப் பார்த்ததும் வேலை இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

மறு திங்கட்கிழமை விடிந்ததும் அவள் சீமாட்டியை முதல்முறையாக வண்டியில் பூட்டினாள். நெற்றியில் வெட்டிய மயிர் முள்ளாய் நின்றது. அதன்மேல் களிம்பு பளபளத்தது.

“எங்க போற?” என்றான் லாடக்காரன், சக்கர அச்சுக்கு எண்ணெய் விட்டபடி.

“வேலைக்கு.”

“வேலைதான் யாரும் தரலையே.”

“தரலைன்னா அவங்க பாடு. நான் போகாம இருந்தா அது என் பாடு.”

மண்டிச் சந்து ஒரு வண்டி அகலம். முன்னால் வந்தவர் முன்னால் நிற்கவேண்டும், முன்னால் நிற்பவர் ஏற்றிக்கொண்டு போனால்தான் பின்னால் இருப்பவர் நகரமுடியும். வரிசை தவறிச் சண்டை வந்த காலத்தில், நிற்பவரைத் தாண்டி யாரும் ஏற்றக்கூடாது என்று சங்கமே விதி போட்டிருந்தது. அவள் எல்லோருக்கும் முன்னால் போய் மண்டி வாசலில் வண்டியை நிறுத்தினாள். “நில்” என்றாள். சீமாட்டி பெருமூச்சு விட்டு நின்றது.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “உனக்கு மூட்டை இல்லைன்னேனே.”

“நான் கேக்கலியே முதலாளி. நிக்கத்தானே செய்றேன்.”

பின்னால் ஒவ்வொன்றாக வண்டிகள் வந்து நின்றன. சந்து நிறைந்தது. பெரிய சாலையில் லாரி ஹாரன் அடித்தது. பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள், சிலர் முதலாளியைத் திட்டினார்கள், நேரம் ஆக ஆக யாரைத் திட்டுகிறோம் என்ற அக்கறை யாருக்கும் இல்லாமல் போயிற்று. யாரோ ஓடிப்போய்த் தலைவரை அழைத்துவந்தார்கள். அவர் வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நகர்ந்து, தோளிலிருந்த சங்கப் பட்டையெல்லாம் தூசியாக, முன்னால் வந்து சேர்ந்தார்.

“அம்மா, வண்டியை எடு. எல்லாருக்கும் தொந்தரவு.”

“பின்னால எப்படிண்ணே எடுக்கறது? ஊரே நிக்குது. ஏத்தினா முன்னால போறேன். வரிசைன்னு சங்கம்தானே சொல்லுச்சு?”

“விதிக்கு விலக்கு உண்டு” என்று தொடங்கினார் தலைவர்.

“அப்போ எனக்கும் விலக்கு வேணும்!” என்றான் ஐந்தாவது வண்டிக்காரன். “எனக்கும்!” என்றான் ஏழாவது. விலக்குக்கு ஒரு வரிசை உருவாவதைக் கண்டு தலைவர் வாயை மூடினார்.

இதற்கிடையில் சுமைதூக்கி ஒருவர், மண்டிக்குள்ளிருந்து வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தார். வந்தவர் எங்கே போடுவது என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றார். அவர் கண்ணுக்குத் தரையும் குதிரையின் நான்கு குளம்புகளும் மட்டும் தெரிந்தன. மேலே விவாதம் நடந்தது. சுழியைப் பற்றி முதலாளி சொன்னார். விதியைப் பற்றித் தலைவர் சொன்னார். சாக்கு விளிம்பிலிருந்து வியர்வை சொட்டியது.

“ஐயா” என்றார் சுமைதூக்கி, தரையைப் பார்த்தபடி. “குதிரை நெத்தியில என்ன இருக்கோ எனக்குத் தெரியாது. என் முதுகுல மூட்டை இருக்கு.”

சொல்லிவிட்டு இரண்டடி நகர்ந்து, முதுகைச் சாய்த்தார். மூட்டை தொம்மென்று சீமாட்டியின் வண்டியில் விழுந்தது. வண்டி அதிர்ந்தது, ஏர்க்கால் குதிரையின் விலாவில் இடித்தது. முதலாளி “டேய்!” என்றார். சந்தில் இருந்த அத்தனை பேரும் குதிரையைப் பார்த்தார்கள். அது ஒரு காதைப் பின்னால் திருப்பியது. கால் மாற்றவில்லை. நின்றது.

வண்டிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அடுத்தது.”